ஒரே கூரையின் கீழ் இரண்டு கல்விகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. திட்டக் குழுவில் உன்னைச் சேர்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் வயதுவந்தோர் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் நிதியைத் தனித்தனியாகப் பிரிக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதுதான் உறுத்துகிறது.

எழுத்தறிவு வகுப்பு பத்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்ததோடு நின்றுவிடும். பயிற்சி நிலையமோ விகிதக் கணக்குத் தெரிந்தவரைத்தான் சேர்க்கும். நடுவில் நிற்பவர் இரண்டு கணக்கிலும் வரமாட்டார்.

கான்கிரீட் கலவையை எடுத்துக்கொள். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். சிமென்ட், மணல், ஜல்லி கன அளவில் 1:2:4 என்றால் மணல் 70 லிட்டர், ஜல்லி 140. எடைப்படி பார்க்கும் நீர்-சிமென்ட் விகிதம் 0.5 வேண்டுமானால் தண்ணீர் 25 லிட்டர். இளகவில்லையே என்று இன்னும் 5 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.6 ஆகி வலிமை குறையும். ஈர மணல் உப்பி நிற்பதால் அதே பெட்டியில் அளந்தாலும் மணல் குறைவாகவே விழும். பின்னம், தசமம், விகிதம் எல்லாம் இந்த ஒரு கலவைக்குள்ளேயே இருக்கின்றன. அதைக் கரும்பலகையில் தனியாக நடத்துவானேன்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தொழில் ஆசிரியரும் அடிப்படைக் கல்வி ஆசிரியரும் ஒரே வகுப்பில், குறைந்தது பாதி நேரமாவது, சேர்ந்து நிற்கிறார்கள். இரண்டு சம்பளம் என்பதால் அங்கே மாணவர் ஒருவரை 1.75 பேராகக் கணக்கிட்டு நிதி தந்தார்கள். ஒற்றை ஆசிரியருக்கான தொகையை ஒதுக்கிவிட்டு இதை நடத்தச் சொன்னால், முதலில் வெட்டுப்படுவது எழுத்தும் கணக்கும்தான்.

யார் செலவழிப்பது என்று நிதித்துறை கேட்கும். பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இலேயே விளக்கிவிட்டார்: எங்கும் பயன்படும் பொதுத் திறனுக்கு முதலாளி பணம் போடத் தயங்குவார், கற்றவர் வேறிடம் போனால் பலனும் அவரோடு போய்விடும். குடும்பம் சுமக்கும் பெரியவரால் கடன் வாங்கிப் படிக்கவும் முடியாது. எனவே அரசுப் பணம் முதலில் போகவேண்டிய இடம் இதுவே. ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உதவும் பயிற்சியை அந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும்.

வேலை கிடைத்தவர் எண்ணிக்கைக்கு மட்டும் பணம் என்ற விதியை எழுதவே விடாதே. எப்படியும் வேலை பெறக்கூடியவரையே நிலையங்கள் பொறுக்கி எடுக்கும். சேர்ந்தபோது இருந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதையும் அளக்கச் சொல்.

அதற்காகப் படிப்பை உற்பத்தியோடு மட்டும் கட்டிவிடவும் கூடாது. 1967 முதல் 1973 வரை யுனெஸ்கோ நடத்திய சோதனை எழுத்தறிவுத் திட்டத்தை மதிப்பிட்ட 1976 அறிக்கை, அந்தக் குறுகிய பார்வையைத்தான் குறையாகச் சொன்னது.

சம்பளத்தோடு கல்வி விடுப்பு பற்றிய 1974-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 140-ஆம் உடன்படிக்கையையும் குழுவின் முன் வை. வரைவு தயாரானதும் அனுப்பு. வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ராகவன்