உங்கள் கணக்குத் தரவை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுவது பற்றி ஒரு மடல்

திருகோணமலை

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

என்.சி. வீதியின் வன்பொருட் கடைகள் முதல் நிலாவெளி விடுதிகள், மூதூர், கிண்ணியா மருந்தகங்கள் வரை, எங்கள் பற்றுச்சீட்டு மற்றும் இருப்புக் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் உங்கள் அனைவரின் தரவும் இதுவரை மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்திலேயே சேமிக்கப்பட்டு வந்துள்ளது. உங்கள் கணினிகளில் நாங்கள் நிறுவியுள்ள 8.0 பதிப்புக்கான ஆதரவு 2026 ஏப்ரல் மாதத்துடன் முடிவுக்கு வருகிறது. அதற்குப் பின்னர் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு அப்பதிப்பில் திருத்தம் வெளிவராது. ஆகவே உங்கள் தரவை போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்னும் திறந்த மூலத் தரவுத்தளத்தின், அதாவது நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய தரவுத்தளத்தின், 17ஆம் பதிப்புக்கு மாற்றத் தீர்மானித்துள்ளோம். திரையில் நீங்கள் காணும் எதுவும் ஏறக்குறைய மாறாது. ஆயினும் உங்கள் கொடுக்கல் வாங்கல் முழுவதும் இருக்கும் பெட்டகத்தை மாற்றும்போது, ஏன் மாற்றுகிறோம் என்பதை உரியவர்களாகிய உங்களுக்கு விளக்கமாகச் சொல்வது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎல் மோசமான மென்பொருள் அன்று. இத்தனை ஆண்டுகள் எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். 2024இல் வெளிவந்த அதன் 8.4 பதிப்புக்கு மாறுவது எங்களுக்கு எளிதாகவும் இருந்திருக்கும். எங்கள் தயக்கம் அதன் உடைமை பற்றியது. 1995இல் மைக்கேல் விடேனியஸும் அவருடைய தோழர்களும் சுவீடனில் தொடங்கிய அம்மென்பொருளை 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2010இல் சன் நிறுவனமே ஒராக்கிள் என்னும் இன்னொரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது. விடேனியஸ் அதற்கு முன்னரே, 2009இல், அதே நிரலை எடுத்து, மரியாடிபி என்ற பெயரில் தனிக் கிளையொன்றைத் தொடங்கிவிட்டார். மூத்த மகளின் பெயரை முதல் மென்பொருளுக்கு வைத்தவர், இளைய மகளின் பெயரை இரண்டாவதற்கு வைத்தார். நிரல் திறந்திருந்ததாலேயே அப்படிப் பிரிந்து போக அவரால் முடிந்தது. ஆனால் பெயரும் வணிகச் சின்னமும் பதிப்புகளின் கால அட்டவணையும் உடைமையாளரிடமே இருந்துவிட்டன.

அண்மையிலும் இது போன்றதொன்று நடந்தது. 2024 மார்ச் மாதத்தில் ரெடிஸ் என்னும் தரவுச் சேமிப்பு மென்பொருளின் உரிம நிபந்தனைகளை அதன் நிறுவனம் இறுக்கியது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, அதற்கு நிரல் எழுதி வந்தவர்களில் பலர் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளையைத் தொடங்கினார்கள். ஊர் முழுதும் கூடி வெட்டிய கிணற்றுக்கு ஒருவர் கதவு போட்டால், ஊரார் பக்கத்தில் இன்னொரு கிணறு வெட்டத்தான் செய்வார்கள். எனினும் அந்த இடைக்காலத்தில் தண்ணீருக்கு அலைய வேண்டியவர்கள் எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களும் எங்களை நம்பியிருக்கும் கடைகளுந்தான்.

போஸ்ட்கிரெஸுக்கு அத்தகைய உடைமையாளர் ஒருவர் இல்லை. 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டம், 1996 முதல் இன்றைய பெயருடன், உலகெங்குமுள்ள ஒரு சமூகத்தின் கையில் வளர்கிறது. அச்சமூகத்தில் பணிபுரியும் பலர் வெவ்வேறு நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆயினும் அதன் மையக் குழுவில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல் இருக்கலாகாது என்ற வழக்கத்தைப் பேணி வருகிறார்கள். ஆண்டுக்கொரு முதன்மைப் பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு என்பது அவர்களுடைய ஒழுங்கு; நாங்கள் தெரிவு செய்துள்ள 17ஆம் பதிப்புக்கு 2029 நவம்பர் வரை திருத்தங்கள் கிடைக்கும்.

அச்சமூகத்தின் மீது எங்களுக்கு நம்பிக்கை வந்ததற்கு முதன்மையான காரணம் மின்வெட்டு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், பற்றுச்சீட்டு அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோன கணினிகளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எங்கள் வாசலில் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் எந்தப் பதிவையும் முதலில் ஒரு பதிவோட்டத்தில் எழுதி, அது வட்டில் உறுதியானதன் பின்னரே அட்டவணைகளை ஆறுதலாகத் திருத்துகிறது. கடையில் முதலில் நாளேட்டில் எழுதிவிட்டுப் பின்னர் பேரேட்டுக்கு ஏற்றுவது போன்ற முறை இது. இடையில் மின்சாரம் போனால், நாளேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். மைஎஸ்கியூஎல்லிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எங்கள் மனதைத் தொட்டது வேறொன்று. வட்டில் எழுதத் தவறிய பதிவைப் பற்றி மறுமுறை கேட்கும்போது, எழுதியாகிவிட்டது என்று லினக்ஸ் இயங்குதளம் விடை சொல்லக்கூடும் என்பதை 2018இல் அச்சமூகத்தினர் கண்டறிந்தார்கள். தங்கள் மென்பொருள் நெடுங்காலமாக ஒரு பிழையான நம்பிக்கையில் இயங்கி வந்தது என்பதை ஒளிக்காமல், எல்லோரும் பார்க்கும்படி விவாதித்து, 2019 பெப்ரவரியில் அன்று ஆதரவிலிருந்த எல்லாப் பதிப்புகளுக்கும் திருத்தம் வெளியிட்டார்கள். இப்போது அத்தகைய தவறு நேர்ந்தால், போஸ்ட்கிரெஸ் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு நாளேட்டிலிருந்து மீண்டும் எழுதுகிறது.

அவர்களுடைய கவனத்துக்கு இன்னொரு சான்றும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் நிரலாளர்களில் ஒருவரான அண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எக்ஸ்இஸட் என்னும் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளுக்குள் களவாக வைக்கப்பட்டிருந்த பின்கதவை, அதாவது அனுமதியின்றி உள்ளே நுழையும் இரகசிய வழியை, உலகுக்கு அறிவித்தார். போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகச் செல்வதை அவர் கவனித்ததே அதற்குத் தொடக்கம்.

இனித் தமிழ் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் தவறு எங்களுடையது. பரீட்சார்த்த மாற்றத்தின்போது எங்கள் பழைய அட்டவணைகளைத் திறந்து பார்த்தோம். வாடிக்கையாளர் பெயருக்கு 20 குறிகள் போதும் என்று ஆரம்ப காலத்தில் முடிவு செய்திருந்தோம். திருஞானசம்பந்தமூர்த்தி என்ற பெயர் நம் கண்ணுக்கு 13 எழுத்துகள். கணினிக்கோ மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகையால் அது 22 குறிகள். பழைய மைஎஸ்கியூஎல் பதிப்பு மிகுதியை மறுக்காமல் வெட்டிவிட்டுச் சேமித்திருந்தது. கொடுகடன் பட்டியலில் அப்பெயர் கடைசி ‘தி’ இல்லாமல் ‘மூர்த்’ என்றே ஆண்டுக்கணக்கில் நின்றது. அதே பட்டியலில், ஆண்டும் மாதமும் நாளும் பூச்சியமாக இருந்த திகதிகளும் கிடந்தன. போஸ்ட்கிரெஸ் அத்திகதிகளை ஏற்க மறுத்தது; அளவை மீறும் பெயரையும் அது வெட்டிச் சேமிக்காமல் மறுத்துவிடும். மறுத்ததாலேயே எங்கள் பிழை எங்களுக்குத் தெரிய வந்தது.

பொருட்பட்டியலின் வரிசையும் அப்படித்தான். எங்கள் பழைய அமைப்பு, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள யுனிகோட் எண்ணின்படி அடுக்கியதால், ‘றபர் வளையம்’ என்பது லாம்புக்கும் வாளிக்கும் முன்னால் வந்து நின்றது. ஜன்னல் கொக்கி சகரத்தை அடுத்து நுழைந்துகொண்டது. போஸ்ட்கிரெஸ் 2017 முதல் ஐசியு என்னும் யுனிகோட் நிரல் தொகுப்பின் மொழிவாரி வரிசை முறையை ஏற்றுக்கொள்வதால், நாம் பள்ளியில் படித்த அகரவரிசைப்படி, வல்லின றகரமும் னகரமும் மெய்வரிசையின் கடைசியிலும், ஜகரம் முதலிய கிரந்த எழுத்துகள் அவற்றுக்குப் பின்னரும் வரும். சிறிய விடயமாகத் தோன்றலாம். நாளுக்கு நூறு முறை பொருட்பட்டியலை உருட்டுகிற கடைச் சிப்பந்திக்கு அது சிறியதன்று. மிகப் பழைய வாடிக்கையாளர்கள் சிலரின் பட்டியல்கள் இன்னமும் யுனிகோட் முறையில் அமையாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றையும் இதே வேளையில் யுனிகோடுக்கு மாற்றித் தருவோம்.

காப்புப்பிரதி விடயத்தில் உங்களுக்கு நேரடியான பயன் உண்டு. 17ஆம் பதிப்பில்தான் மாறிய பகுதிகளை மட்டும் பிரதியெடுக்கும் வசதி போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே வந்தது. இதுவரை ஒவ்வோர் இரவும் முழுத் தரவையும் கையடக்கத் தொலைபேசி இணைப்பினூடாக அனுப்ப முயன்று, பாதியில் அறுந்துபோய், காலையில் எங்களை அழைத்த மூதூர்க் கடைக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும். வாரத்துக்கொரு முழுப் பிரதியும், மற்ற இரவுகளில் அன்றன்று மாறியவையும் எங்கள் சேமிப்பகத்துக்கு வந்து சேரும். தேவைப்படும்போது இவற்றை ஒன்றாக்கி முழுத் தரவாக மீட்கும் கருவியும் அப்பதிப்போடு சேர்ந்தே வருகிறது.

மாற்றம் ஞாயிற்றுக்கிழமைகளில், உங்கள் கடை பூட்டிய பின்னர், முன்கூட்டிப் பேசிய நேரத்தில் நடைபெறும். அவ்வேளையில் பற்றுச்சீட்டு போட முடியாது. போஸ்ட்கிரெஸுக்கு உரிமக் கட்டணம் எதுவும் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் உள்ளவர்களிடம் இவ்வேலைக்காக நாங்கள் எதுவும் அறவிடமாட்டோம். பழைய தரவுத்தளத்தை அழிக்காமல் ஆறு மாதங்களுக்கு உங்கள் கணினியிலேயே வாசிக்க மட்டும் வைத்திருப்போம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: மாற்றத்துக்கு முந்தைய சனிக்கிழமை மாலை கொடுகடன் பட்டியலையும் இருப்புப் பட்டியலையும் அச்சிட்டு, உங்கள் கையொப்பத்துடன் வைத்திருங்கள். திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது எங்கள் பணியாளர் ஒருவர் அங்கிருப்பார். அவரோடு அமர்ந்து இரு பட்டியல்களின் மொத்தத்தையும், நீங்கள் விரும்பும் பத்துப் பெயர்களையும் புதிய திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சதமேனும் வேறுபட்டால், காரணம் தெரியும் வரை அவர் அங்கிருந்து புறப்படமாட்டார்.

இவ்வண்ணம்,
உங்கள் சேவையிலுள்ள
மென்பொருள் பிரிவினர்