கேமரா அட்டவணையில் லென்ஸ் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் லென்ஸ் மாற்றக்கூடிய சிறிய கேமராக்களைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. கைபேசியே போதும் என்று எல்லோரும் சொல்லும் காலத்தில், தனியாக ஒரு கேமரா வாங்க ஆசைப்படுகிறவர்களை நினைத்து இவ்வளவு இடம் ஒதுக்கியது பெரிய விஷயம். ஆனால் கட்டுரையோடு வந்த அட்டவணையைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பத்து கேமராக்கள், ஒவ்வொன்றும் எத்தனை மெகாபிக்சல், லென்ஸ் இல்லாத வெறும் பாடி எத்தனை கிராம், திரை மடங்குமா, 4கே வீடியோ உண்டா என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தீர்கள். லென்ஸுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. லென்ஸை மாற்ற வேண்டும் என்பதற்காகவே வாங்குகிற கேமரா ஐயா இது!

என் அக்கா மகள் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மெகாபிக்சல் அதிகமான ஒன்றுக்கும், எடை குறைந்த ஒன்றுக்கும் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். "சித்தி, இந்த ரெண்டுல எது வாங்கட்டும்?" என்றாள். "நீ எதைப் படம் எடுக்கப் போறே?" என்று கேட்டேன். யோசித்தாள், பதில் வரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கட்டுரையிலும் அந்தக் கேள்வி எங்கேயும் இல்லை. அவளுக்கு அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன், அவளைப் போல இன்னும் எத்தனை பேர் அந்தப் பக்கத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்களோ.

மெகாபிக்சலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 12க்கு 8 அங்குலத்தில் ஒரு படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நல்ல தரத்தில் அச்சடிக்க 3600க்கு 2400 புள்ளிகள் போதும். பெருக்கினால் 86 லட்சம் புள்ளி. பத்து லட்சம் புள்ளிதான் ஒரு மெகாபிக்சல், அப்படிப் பார்த்தால் 9 மெகாபிக்சல்கூட இல்லை. இப்போது புதிதாக விற்கும் சிறிய கேமராக்களில் பெரும்பாலானவை 20 அல்லது அதற்கு மேல். ஆக, அட்டவணையின் முதல் கட்டத்தை வைத்து இந்தப் பத்தில் எதையும் தள்ளவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

எடை விஷயம் அப்படியில்லை, அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய எஸ்எல்ஆர் வகைக் கேமராக்களில் லென்ஸுக்கும், ஒளியைப் படமாகப் பதிக்கும் சென்சாருக்கும் நடுவில், காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடி நின்றது. அது மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதனால் மவுண்ட் எனப்படும், லென்ஸ் பொருத்தும் வளையத்திலிருந்து சென்சார் வரைக்கும் நிக்கானின் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., கேனனின் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ. தூரம் விட வேண்டியிருந்தது. 2008இல் ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற முறையை அறிவித்து, அதே ஆண்டு பானாசோனிக் ஜி1 வந்தபோது கண்ணாடி போனது, அந்தத் தூரம் 20 மி.மீ.க்குள் அடங்கியது. 2010இல் சோனி நெக்ஸ், 2012இல் ஃபியூஜியின் எக்ஸ் மவுண்ட், 2013இல் முழு அளவு சென்சாரோடு சோனி ஏ7 என்று வரிசையாக வந்தன. பாடி இளைத்தது உண்மைதான். ஆனால் லென்ஸ் ஒளியைப் பாய்ச்ச வேண்டிய சென்சாரின் அளவு எதுவோ, லென்ஸின் பருமன் பெரும்பாலும் அதையொட்டித்தான் இருக்கும். பாடியைச் சுருக்கிய மாதிரி அதையும் சுருக்கிவிட முடியாது.

முழு அளவு சென்சார் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி என்பது கிட்டத்தட்ட 23.5க்கு 15.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. பரப்பளவில் முதலாவது மூன்றாவதைப்போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இப்போது லென்ஸைப் பாருங்கள். சோனி 2016இல் கொண்டுவந்த 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜூம் 886 கிராம் (மி.மீ. கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் அதே பார்வைக் கோணம் தரும் பானாசோனிக்கின் 12-35 எஃப் 2.8 லென்ஸ் 305 கிராம். சோனியின் ஏ7சி பாடி பேட்டரியோடு சேர்த்தே 509 கிராம்தான், அதில் அந்த 24-70ஐ மாட்டினால் பாடியைவிட லென்ஸ் கனம். உங்கள் அட்டவணையில் "எடை" என்ற கட்டத்தைப் பார்த்து அதை வாங்கியவர் தோளில் தொங்குவது ஒன்றரைக் கிலோவை நெருங்கும். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்த இரண்டு லென்ஸும் எல்லா விதத்திலும் சமம் இல்லை. ஷட்டர் வேகம் இரண்டிலும் ஒன்றாக வந்தாலும், பின்னணி மங்குவதும் இருட்டில் படம் சுத்தமாக வருவதும் பெரிய சென்சாரில் கூடுதலாகத்தான் இருக்கும். அது வேண்டும் என்று தெரிந்து சுமப்பவர் தாராளமாகச் சுமக்கலாம்.

சிறிய கேமரா வேண்டும் என்றால் சிறிய லென்ஸ் எந்த மவுண்டில் நிறைய இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கும் பான்கேக் லென்ஸ்கள் இருக்கின்றன. பானாசோனிக்கின் 20 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் 100 கிராம். அவர்களுடைய 12-32 ஜூம் வெறும் 70 கிராம்தான். ஒலிம்பஸின் 45 மி.மீ. எஃப் 1.8, 116 கிராம். இந்த 45தான் எனக்கு லென்ஸ் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தது.

என் அம்மா ஒரு நாள் சாயங்காலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது, விளக்கு இன்னும் போடவில்லை. நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கி, விரலால் முறுக்கி, ஊசியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். கேமராவோடு வந்த 14-42 ஜூமை 42க்குத் திருகினேன். அந்த முனையில் அது எஃப் 5.6ஐத் தாண்டித் திறக்காது. சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 3200 வைத்தும் ஷட்டர் வேகம் 1/15 நொடிதான் கிடைத்தது. எட்டுப் படம் எடுத்தேன். பின்னால் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது, அம்மாவின் விரல்கள் மட்டும் எட்டிலும் கரைந்து போயிருந்தன.

ஏன் என்று அப்போது புரியவில்லை, பாடியில் அசைவைத் தடுக்கும் வசதி இருந்தது, அதை நம்பித்தான் எடுத்தேன். என் கை நடுக்கத்தை அது நிறுத்தும், அம்மாவின் கையை எப்படி நிறுத்தும்? அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்கு லென்ஸ் அகலமாகத் திறக்க வேண்டும். எஃப் 5.6க்கும் எஃப் 1.8க்கும் நடுவில் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு. பிறகு அந்த 45 கைக்கு வந்ததும் அதே ஜன்னல், அதே நேரம், அதே ஐஎஸ்ஓ, 1/125 நொடி கிடைத்தது. முறுக்கின நூலின் நுனியில் பிரிந்து நிற்கும் ஒரு இழைகூடத் தெரிகிறது அந்தப் படத்தில். ஊசியில் ஃபோகஸ் வைத்ததால் முகம் கொஞ்சம் மென்மையாகிவிட்டது, எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது. பாடி அதேதான், ஒரு திருகுகூட மாறவில்லை.

கேமராவோடு வரும் ஜூமை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பழகுவதற்கு நல்ல லென்ஸ் அது. ஆனால் ஒரு விஷயம், இப்போதைய கைபேசிகளின் முதன்மை கேமரா பெரும்பாலும் முழு அளவுக் கணக்கில் 24 முதல் 28 மி.மீ.க்கு நிகரான அகலப் பார்வைதான். கேமராவோடு வரும் ஜூமின் அகல முனையும் ஏறக்குறைய அதேதான். புதுக் கேமராவை வாங்கிவந்து அந்த முனையிலேயே எடுத்துப் பார்த்துவிட்டு "போன் படம் மாதிரியே இருக்கே" என்று பீரோவில் வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர், எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அக்கா மகளுக்கு நான் சொன்னது இதுதான்: அந்த ஜூமோடு மூன்று மாதம் எடு, அப்புறம் உனக்குப் பிடித்த ஐம்பது படத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பார். அந்தத் தகவல் ஒவ்வொரு படக் கோப்பிலும் பதிவாகி இருக்கும். எந்த எண் அதிகமாக வருகிறதோ அதற்குப் பக்கத்தில் ஜூம் ஆகாமல் ஒரே மி.மீ.யில் நிற்கும் ஒரு பிரைம் லென்ஸ் வாங்கு. யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம், என்னிடமும்தான்.

அடுத்தது மவுண்ட். பாடி நாலைந்து வருஷத்தில் பழசாகும், லென்ஸ் பல பாடிகளைப் பார்த்துவிடும். அதனால் வாங்கும்போது நாம் சேருகிற குடும்பம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். நிக்கான் 1 என்ற வரிசை 2011இல் வந்தது, அழகான குட்டிக் கேமராக்கள், 2018இல் நிறுத்திவிட்டார்கள். சாம்சங்கின் என்எக்ஸ் 2010இல் வந்தது, அதுவும் இப்போது இல்லை. கேனன் 2012இல் இஓஎஸ் எம் வரிசையைத் தொடங்கி, 2018இல் ஆர்எஃப் என்ற வேறு மவுண்டுக்குப் போனது, எம் லென்ஸ்கள் அதில் பொருந்தாது. இவையெல்லாம் மோசமான கேமராக்கள் இல்லை, இன்றைக்கும் நல்ல படம் எடுக்கும், ஆனால் புது லென்ஸுக்கு வழி அடைபட்டுவிட்டது. ஒரே கம்பெனியை நம்பியில்லாமல் பலர் லென்ஸ் செய்கிற மவுண்டாக இருந்தால் கொஞ்சம் தைரியம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அப்படி. 2018இல் லைக்கா, பானாசோனிக், சிக்மா மூவரும் சேர்ந்த எல் மவுண்டும் அப்படி. சோனியின் இ மவுண்டுக்கும் வெளியார் லென்ஸ்கள் ஏராளம்.

வீட்டில் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் இருந்தால் அடாப்டர் போட்டு மாட்டலாம், ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். நிக்கானின் பழைய 50 மி.மீ. லென்ஸை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் போட்டால் 100 மி.மீ.க்கு நிகரான பார்வை வரும். ஆனால் கண்ணாடி இருந்த அந்த இடைவெளியை அடாப்டர்தான் நிரப்ப வேண்டும், 27 மி.மீ. நீளத்துக்கு ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொள்ளும். சட்டைப்பைக் கேமரா என்ற எண்ணத்தை அப்போது மறந்துவிட வேண்டும்.

கடைசியாக, கை. அக்கா மகளைக் கடைக்குக் கூட்டிப்போய் அவள் வட்டம் போட்ட எடை குறைந்த கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொன்னேன். சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லை, பாடிக்கு அடியில் தொங்கியது. கட்டைவிரல் போய் நின்ற இடத்தில் ஒரு பொத்தான் இருந்தது, ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் தானாக அழுந்தி மெனு திறந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் இல்லை. வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்கச் சொன்னேன், திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி போடுகிறவள் வேறு, அதனால் வியூஃபைண்டர் உள்ள இன்னொன்றைக் கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கச் சொன்னேன், நான்கு மூலையும் தெரிகிறதா என்று. ஒரு மூலை தெரியவில்லை. இதையெல்லாம் எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் "வாங்குமுன் கையில் பிடித்துப் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். பேட்டரி பற்றியும் ஒரு வரி. இந்த வகையில் பலவும் ஒரு சார்ஜில் 300, 400 படம்தான் என்று குறித்திருக்கிறார்கள். இன்னொரு பேட்டரி கட்டாயம்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் டார்ச் அடித்து உள்ளே பார்த்து வாங்குங்கள். மெல்லிய நூலாம்படை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, தொடாதீர்கள். என்னிடமே ஒரு நல்ல லென்ஸ் அப்படித்தான் போனது, தோல் உறையில் போட்டு அலமாரியில் ஒரு மழைக்காலம் முழுக்க மூடி வைத்துவிட்டேன். இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்கிறேன், வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துவிடுகிறேன்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த தடவை இந்த அட்டவணையைப் போடும்போது மெகாபிக்சல் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லென்ஸோடு சேர்த்து எத்தனை கிராம் என்று போடுங்கள். பக்கத்தில் அந்த மவுண்டில் 150 கிராமுக்கு உட்பட்ட பிரைம் லென்ஸ்கள் எத்தனை என்று ஒரு கட்டம், வியூஃபைண்டர் உண்டா இல்லையா என்று ஒரு கட்டம். இடம் போதாவிட்டால் பத்து கேமராவை ஆறாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அக்கா மகள் இன்னும் எதையும் வாங்கவில்லை. என் பழைய பாடியையும் அந்த 45ஐயும் ஒரு மாதத்துக்கு எடுத்துப் போயிருக்கிறாள். நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள், படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டும் அவள் தம்பி. முடிச்சு தெளிவாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி