என் பெயரையும் சேர்த்து எழுதிய நர்ஸம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

சனிக்கிழமை என் சர்க்கரைப் பரிசோதனை முடிவு வந்தது. வெறும் வயிற்றில் 94, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 131. மகனுக்கு மூன்று வயது முடிந்த அதே வாரம். தாளைக் கையில் வைத்துக்கொண்டே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதார செவிலியருக்கு. நர்ஸம்மா, ஒன்றரை மாதத் தடுப்பூசிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு புதன்கிழமை வந்தேன். நீங்கள் என் அட்டையைப் புரட்டி, "ஏம்மா, உனக்கு மாசமா இருந்தப்ப சுகர் இருந்துச்சே, அப்புறம் பார்த்தியா?" என்று கேட்டீர்கள். பார்க்கவில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டது, இனி சுகரும் இருக்காது என்று பிரசவம் ஆன இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது பாதி உண்மைதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தையின் பெயருக்குக் கீழேயே என் பெயரையும் எழுதி நாள் குறித்தீர்கள். முந்தின நாள் இரவு போன் செய்து "வெறும் வயித்தோட வா" என்று ஞாபகப்படுத்தினீர்கள். இல்லாவிட்டால் நான் போயே இருக்க மாட்டேன்.

லேப் அக்கா, 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க முடியாமல் நான் முழித்தபோது எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தீர்கள். காத்திருந்த இரண்டு மணி நேரமும் பால் கொடுக்க உள்ளறையில் பாய் விரித்தீர்கள். அன்றைக்கு வந்த அளவு 172. 140-க்குள் இருக்க வேண்டும். 200-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் நடுவில் நின்றேன்.

டாக்டரம்மா பயமுறுத்தவில்லை. எனக்குப் பின்னாளில் சர்க்கரை வரக்கூடிய காரணங்களை ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினார். என் அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்குப் பதினாறாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அப்போதே வெறும் வயிற்று அளவும் ஏறியிருந்தது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு போதாமல் இன்சுலின் போட்டேன். ஐந்தாவது விரல், எடை. கர்ப்பத்தில் சர்க்கரை வராதவர்களைவிட வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வர ஏறத்தாழ பத்து மடங்கு வாய்ப்பு என்றும், என்னைப் போல இத்தனையும் சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும் என்றும் சொன்னார். பிறகு ஐந்தாவது விரலை மட்டும் நிமிர்த்தி, "இது உன் கையில இருக்கு. பால் கொடுக்கிறதை நிறுத்தாதே, அதுவும் உனக்கு நல்லது" என்றார். அந்த ஒரு விரலைத்தான் மூன்று வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளை பெற்றவள் உடம்பு தேற வேண்டுமென்று கருப்பட்டி போட்டுக் கிண்டிய லேகியத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே நர்ஸம்மாவிடம் போய், கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றுமா என்று கேட்டுவிட்டு வந்தீர்கள். மறுநாள் தட்டில் சோறு பாதி, கீரையும் சுண்டலும் மீதி. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தட்டை நான் மறக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் பிள்ளையை வாங்கிக்கொள்வார். நானும் எதிர்வீட்டு அக்காவும் வாய்க்கால் கரையில் முக்கால் மணி நேரம் நடப்போம். ஏழு கிலோ குறைந்தது இப்படித்தான்.

நேரில் பார்க்காத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியவர் சென்னை டாக்டர் வீ. சேஷையா. 2007-ல் தமிழக அரசு அதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு இல்லையென்றால் பதினாறாவது வாரத்தில் எனக்கு யார் பார்த்திருப்பார்கள்?

நர்ஸம்மா, எனக்கு அடுத்த பரிசோதனை அடுத்த வருடம். நாளைக் குறித்து வைத்துவிட்டேன். போன மாதம் பிள்ளை பெற்ற என் நாத்தனாருக்கும் கர்ப்பத்தில் சுகர் இருந்தது. வரும் புதன்கிழமை தடுப்பூசிக்கு அவளை நான்தான் கூட்டி வருகிறேன். அவள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் மருமகள்