பியானோ வாங்கும் முன்

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே மாங்காய் இந்த வருஷம் சுமார்தான். பெங்களூராவைக் கூழ் ஃபேக்டரிக்காரர்கள் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டோம். செந்தூரா ஒரு கூடை எடுத்து வைத்திருக்கிறேன், பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

சரி, பாப்பாவின் பியானோ விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு வீட்டில் வாங்குவதற்காகப் பார்த்த பழைய அப்ரைட் பியானோவின், அதுதான் செங்குத்தாக நிற்கும் அந்தப் பெட்டியின், பாலிஷைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். சத்தம் எப்படி என்று ஒரு வரிகூட இல்லை! பாலிஷ் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பின் பிளாக் என்ற மரக்கட்டை போய்விட்டால் அந்தப் பெட்டி விறகுதான்.

ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 18, 20 டன் வரும். இரும்புச் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்கும். ஆனால் கம்பியைச் சுருதியில் நிறுத்துவது ட்யூனிங் பின்கள். அதாவது வீணைக்குப் பிருடை செய்யும் வேலை. அந்தப் பின்கள் இறங்கியிருக்கும் கனமான மரக்கட்டைதான் பின் பிளாக். அது காய்ந்து வெடித்தால் பின் தளரும், எத்தனை முறை ட்யூன் செய்தாலும் சுருதி நிற்காது. நம் ஊர்ப் பக்கம் இதுதான் பெரிய பயம். சித்திரையில் தர்மபுரி வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். பெங்களூரு குளிர்ச்சிக்குப் பழகிய பெட்டிக்கு உன் வீடு கொஞ்சம் கஷ்டம்தான்.

அதனால் முதலில் போனில் சுருதி பார்க்கும் ட்யூனர் ஆப் ஒன்று போட்டுக்கொள். கட்டைகளின் நடுவில் இருக்கும் சி-க்கு மேலே இருக்கும் ஏ கட்டையைத் தட்டு. 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். மொத்தப் பியானோவும் ஒரே அளவில் கொஞ்சம் இறங்கியிருந்தால் பரவாயில்லை, ரொம்ப நாளாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அரைச் சுருதி இறங்கி 415 பக்கம் நின்றால் யோசி. ஏற்றும்போது பழைய கம்பிகள் அறுந்து போகலாம். பக்கத்துக் கட்டைகள் சரியாக இருந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும் கன்னாபின்னாவென்று விலகியிருந்தால் பின் தளர்ந்திருக்கிறது என்றே சந்தேகப்படு. மேல் மூடியைத் திறந்து பின்களின் அடியைப் பார். எண்ணெய் ஊறியது போலக் கருப்பாக இருந்தால், தளர்ந்த பின்கள் இறுக்கிப் பிடிப்பதற்காக யாரோ மருந்து விட்டிருக்கிறார்கள்.

மூடி திறந்திருக்கும்போதே கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் ஃபெல்ட்டையும், அதாவது கம்பளி உறையையும், பார்த்துவிடு. கம்பி பட்டுப் பட்டு ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் சத்தம் தகரம் மாதிரி கேட்கும். கொஞ்சம் என்றால் தேய்த்துச் சரிசெய்யலாம். எலி, கரையான் தடயம் இருந்தால் மேலே பேச வேண்டாம், கிளம்பி வந்துவிடு. அப்புறம் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டு. விரலை எடுத்ததும் சத்தம் நிற்க வேண்டும். வலது கோடியில் கடைசி இருபது கட்டைகள் பக்கம் நிற்காது; அங்கே சத்தத்தை நிறுத்தும் டேம்பரே கிடையாது, அதைக் குறை என்று சொல்லி விலை பேசாதே, சிரிப்பார்கள். சத்தத்தைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டில் மெல்லிய விரிசல் தெரிந்தாலும் பயப்படாதே. வாசிக்கும்போது கிர்ரென்று அதிராவிட்டால் போதும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. பாப்பா இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். கட்டைகளுக்கு நல்ல கனம் உள்ள டிஜிட்டல் பியானோவே சில வருஷங்களுக்குத் தாராளம். சுருதி சேர்க்கும் ட்யூனரை வெளியூரிலிருந்து வரவழைக்கும் செலவும் மிச்சம். 200 கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியை உன் மாடிப்படியில் யார் ஏற்றுவது?

இல்லை, அதுதான் வேண்டும் என்றால் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே. எனக்குத் தெரிந்த ட்யூனர் ஒருவர் ஓசூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். காலையிலேயே ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு.

அன்புடன்,
உன் மச்சான்