டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பரிமாற்றத் திட்டத்தில் ஸ்பெயினின் வலென்சியா நகரில் அங்குள்ள குடும்பங்களோடு ஓராண்டு தங்கிப் படிக்கும் நம் பிளஸ் 1 மாணவர்களை டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வரவழைத்துக்கொள்ளலாமா என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். சிலர் விமானக் கட்டணத்தையே விசாரித்துவிட்டதாகக் கேள்வி. அனுமதி இல்லை. காரணம் சொல்லாமல் மறுப்பது முறையல்ல என்பதால் இந்தக் கடிதம்.

ஸ்பானிஷ் இலக்கணம் கற்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் பள்ளியிலேயே கற்கலாம். பிள்ளைகளை அனுப்பியது அங்குள்ள சாப்பாட்டு மேசைக்காக என்றே நான் சொல்வேன். மதிய உணவு அங்கே இரண்டு, இரண்டரை மணிக்கு. தட்டுகள் காலியான பிறகும் யாரும் எழுந்து போவதில்லை. காபியோடு ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். ‘சோப்ரெமேசா’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பாட்டி மருமகனைக் கிண்டல் செய்வதும், கால்பந்துச் சண்டையும், பக்கத்து வீட்டு வம்பும் எல்லாம் அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பயேயா என்ற அரிசிச் சமையல். நகரை ஒட்டிய அல்புஃபேரா ஏரிக்கரை வயல்களில் விளையும் குட்டை அரிசி, கோழி, முயல், பீன்ஸ், குங்குமப்பூ. அகலமான சட்டியில் அரிசியைப் பரப்பிய பிறகு கிளறவே மாட்டார்கள். பல வீடுகளில் தட்டுக்கு மாற்றுவதும் இல்லை. சட்டியைச் சுற்றி அமர்ந்து, அவரவர் எதிரே உள்ள பங்கைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள். எல்லை தாண்டினால் பாட்டியின் பார்வை தண்டிக்கும். அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் போட்டி. முயலும் கோழியும் தொடாத நம் மாணவி ஒருத்திக்காக அந்த வீட்டார் காய்கறி மட்டும் போட்ட சிறு சட்டி ஒன்றைத் தனியே வைக்கிறார்கள். அதன் காந்தல் முழுவதும் தனக்கே என்று எழுதியிருக்கிறாள். பட்டினி கிடக்கிறாளோ என்று கவலைப்படும் அவளுடைய அம்மாவுக்கு இது தெரியட்டும்.

இப்போது நம் பங்கு. குளிர்காலத்தில் ஸ்பெயின் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி ஆசையாகத் தொலைபேசியில் அழைக்கும்போது அங்கே பிற்பகல் இரண்டரை. பிள்ளை கரண்டியை வைத்துவிட்டு அறைக்குள் போய், முக்கால் மணி நேரம் தமிழில் பேசிவிட்டு வருகிறது. அதற்குள் மேசை கலைந்துவிடுகிறது. தயவுசெய்து இரவு பத்து மணிக்குப் பேசுங்கள். அங்கே மாலை ஐந்தரைதான். இரவு உணவு ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் என்பதால் அதுவும் கெடாது.

டிசம்பருக்கு வருகிறேன். 22 அன்று காலை முழுவதும் கிறிஸ்துமஸ் லாட்டரிக் குலுக்கல். சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாடிக்கொண்டே அறிவிக்க, நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும். (2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ள தமிழ்நாட்டின் தலைமையாசிரியர் என்ற முறையில் எனக்கு இதில் சிறிது சங்கடம் உண்டு. பாட்டைக் கேட்கலாம், சீட்டு வாங்கக் கூடாது.) 24 இரவு குடும்ப விருந்து. 31 நள்ளிரவில், தொலைக்காட்சியில் காட்டும் மாட்ரிட் புவேர்த்தா தெல் சோல் சதுக்க மணிக்கூண்டின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சை வீதம் பன்னிரண்டு விழுங்க வேண்டும். அதற்கு முன்பு கால்மணி ஓசை நான்கு முறை ஒலிக்கும். புதியவர்கள் அதையே தொடக்கம் என்று நம்பி முந்திக்கொண்டு கேலிக்கு ஆளாவார்கள். ஆளாகட்டும். நம் கடிகாரத்தில் அது ஜனவரி முதல் நாள் அதிகாலை நாலரை. மார்கழியில் கோலம் போட எழுந்திருக்கும் வீடுகளுக்கு வாழ்த்துச் சொல்லச் சரியான நேரம்.

சிறுவர்களுக்குப் பெரிய நாள் ஜனவரி 6. முந்தைய மாலை, குழந்தை இயேசுவைக் காண வந்ததாகச் சொல்லப்படும் மூன்று அரசர்களின் ஊர்வலம் தெருவில் மிட்டாய்களை வாரி இறைத்தபடி போகும். இரவில் அரசர்கள் தரும் பரிசுக்காகக் காலணிகளை வெளியே எடுத்து வைத்து, அவர்களுடைய ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைப்பார்கள். மறுநாள் வெட்டும் வளைய ரொட்டிக்குள் ஒரு சின்னப் பொம்மையும் ஓர் அவரை விதையும் ஒளிந்திருக்கும். பொம்மை கிடைத்தவருக்குக் காகித மகுடம். விதை கிடைத்தவர் ரொட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும். விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதும் இதற்குப் பிறகுதான். நீங்கள் டிக்கெட் எடுத்தால் பறிபோவது இந்த இரண்டு வாரம்.

விடுமுறைக்குச் சற்று முன்னர் முதல் பருவ மதிப்பெண்கள் வரும். பத்துக்குத்தான் கணக்கு, ஐந்து எடுத்தால் தேர்ச்சி. நான்கு வந்திருந்தால் திட்ட வேண்டாம்.

மார்ச்சில் ஃபாயாஸ் விழா. பிற்பகல் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் காது செவிடாகும் வெடிகள். 19 இரவு மாளிகை உயரப் பொம்மைகளைத் தெருவிலேயே கொளுத்துவார்கள். அந்தக் காணொளிகள் வந்தால் பதற வேண்டாம். தீயணைப்பு வீரர்கள் அருகிலேயே நிற்பார்கள். 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விழா இது.

பொங்கலுக்குப் பார்சல் அனுப்பலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சி சேர்ந்த பொருள்களை வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்ப முடியாது. நெய், பால்கோவா வேண்டாம். கடலை மிட்டாய், எண்ணெயில் சுட்ட முறுக்கு போதும். பிள்ளை தங்கியிருக்கும் வீட்டாருக்கும் சேர்த்து வையுங்கள். அங்கே ஒரு வீட்டுப் பாட்டிக்கு முறுக்கு பிடித்துப்போய்விட்டதாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்