87 வாக்குகள் எங்கே போயின?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வொரு தேர்தல் முடிந்த பிறகும், நாற்பது ஐம்பது ஆண்டுகள் முற்போக்கு அணியில் நின்றவர்களின் கட்டுரைகள் நாளிதழ்களில் வருகின்றன. எந்தக் கூட்டணி சரி, எது தவறு, பணம் எப்படிப் பாய்ந்தது, சாதி எப்படிக் குறுக்கே வந்தது என்று எழுதுகிறார்கள். அவற்றில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனால் வாக்குச்சாவடிக்குள் விடியற்காலையிலிருந்து இரவு வரை என்ன நடந்தது, அங்கே நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தாரா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த விடுபட்ட வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோவிலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். அதே தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. 2021இல் தியாகராய நகரில் 137. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 வாக்குச்சாவடிகள் இருக்கும். 87 வாக்கு என்பது மூன்று சாவடிக்கு ஒரு வாக்குகூட இல்லை. பட்டியலில் பெயர் விடுபட்ட ஒரு தெரு போதும்.

ஆகவே வேலை தொடங்குவது தேர்தல் அறிவித்த பிறகு அல்ல, வாக்காளர் பட்டியலில். படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்க்க. படிவம் 7 நீக்கக் கோர. முகவரி மாற்றம், திருத்தம், புது அட்டை எல்லாம் படிவம் 8. 2022க்குப் பிறகு ஜனவரி 1 மட்டுமல்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் 18 நிறைந்தவர்களும் சேரலாம். இது தெரியாமல் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் வீடுகள் இன்னும் உண்டு. வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாக விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்றால் அந்தத் தேர்தலுக்கு ஆகாது, ஏனென்றால் ஆட்சேபத்துக்கு ஏழு நாள் அவகாசம் விட்டாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2025இல் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் (எஸ்ஐஆர்) பிறகு டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு எனக் காரணம் சொல்லப்பட்டது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் பின்னலாடைத் தொழிலாளியும் கட்டடத் தொழிலாளியும்தான் "குடிபெயர்ந்தவர்" பத்தியில் முதலில் விழுவார்கள். நாம் யாருக்காகக் குரல் கொடுக்கிறோமோ அவர்கள். பாகம் வாரியாக, அதாவது சாவடி வாரியாக, பட்டியலை அச்செடுத்துத் தெருத் தெருவாக ஒப்பிட்டுப் பார்க்க, இரண்டு பேருக்கு ஒரு பாகத்துக்கு மூன்று மாலைகள் போதும். நீக்கம் தவறென்றால் முதல் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம் 15 நாளுக்குள், இரண்டாவது தலைமைத் தேர்தல் அலுவலரிடம் 30 நாளுக்குள். பொய்யான உறுதிமொழியோடு படிவம் 7 கொடுத்தவர் மீது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். யாருடைய பெயரையாவது கூட்டமாக நீக்க முயற்சி நடந்தால் இந்தப் பிரிவு எண்ணை எழுத்தில் குறிப்பிட்டு மனு கொடுங்கள். வாய்ப் பேச்சுக்கு அலுவலகத்தில் பதிவு இருக்காது.

வேட்புமனுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்தில் ஒருவர் வேறு தொகுதி வாக்காளர் என்றால் மனு போயிற்று. பிரமாணப் பத்திரமான படிவம் 26இல் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், "இல்லை" என்றாவது எழுதுங்கள். மனுத் தாக்கல் செய்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே உறுதிமொழி ஏற்க வேண்டும். கூட்டத்தோடும் மேளத்தோடும் வந்து மனுவைக் கொடுத்துவிட்டு இதை மறந்து திரும்புகிறவர்கள் உண்டு. தேர்தல் செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கு மனுவுக்கு ஒரு நாள் முன்னதாகவேனும் திறந்திருக்க வேண்டும். தோற்றாலும் 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டு வரை போட்டியிட முடியாமல் போகும்.

இனி வாக்குப்பதிவு நாள்.

ஒரு சாவடிக்கு ஒரு முகவர், அவரை மாற்றிவிட இரண்டு பேர். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான். 300 சாவடிக்கு 900 பேர். கூட்டணியில் நிற்கும்போது இந்த 900 பேரைப் பெரும்பாலும் பெரிய கட்சியின் பூத் கமிட்டி பார்த்துக்கொள்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மதுரை, திண்டுக்கல், திருப்பூர், நாகப்பட்டினம் நான்கிலும் இடதுசாரிகள் வென்றது மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்தவர் கமிட்டியை நம்பியே பழகினால் நம் தோழர்களுக்குப் படிவம் 10 எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல் போகிறது. தனித்து நிற்க வேண்டிய ஆண்டு வரும்போது அவசரமாக ஆள் தேட வேண்டியிருக்கிறது.

படிவம் 10 முகவர் நியமனக் கடிதம். வேட்பாளரோ தேர்தல் முகவரோ கையெழுத்திட வேண்டும். அவர்களின் மாதிரிக் கையெழுத்து ஏற்கெனவே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் இருக்கும். 900 படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் களைத்துப் போய் கடைசி நூறில் கோடு மட்டும் இழுத்தால், ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான்கைந்து நாளுக்குப் பிரித்துக்கொண்டு போடுங்கள். முகவர் கூடுமானவரை அதே சாவடியின் வாக்காளராக இருக்கட்டும். முகம் தெரிந்தவர்தான் கள்ள ஓட்டைப் பிடிக்க முடியும்.

மாதிரி வாக்குப்பதிவு, வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பு தொடங்கும். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு. முகவர் யாரும் வராவிட்டால் 15 நிமிடம் காத்திருந்துவிட்டுத் தொடங்கிவிடுவார்கள். ஆறு மணிக்குக் காபி குடித்துவிட்டு வரும் முகவர் அன்றைய நாளின் முக்கியமான காட்சியைத் தவறவிடுகிறார். குறைந்தது 50 வாக்கு, நோட்டா உட்பட ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது விழ வேண்டும். யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பிறகு முடித்தல், முடிவு, அழித்தல் என்ற மூன்று பொத்தான்களும் அதே வரிசையில் அழுத்தப்படுவதைக் கண்ணால் பாருங்கள். அலுவலர் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி காட்டிய எண்ணும், விழுந்த வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் சீட்டுகளின் எண்ணிக்கையும் உங்கள் தாளும் ஒத்துப்போக வேண்டும். அழித்த பிறகு திரையில் பூஜ்யம் தெரிய வேண்டும். சீட்டுகளை வெளியே எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவார்கள். விவிபாட் பெட்டி காலியாக இருப்பதைக் குனிந்து பார்க்கத் தயங்காதீர்கள்.

மிக அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்: அவசரத்தில் அழித்தல் பொத்தானை மறந்துவிடுவது. அப்போது 50 மாதிரி வாக்குகளும் உண்மை வாக்குகளோடு சேர்ந்துவிடும். வாக்கு எண்ணும் நாளில் அந்தக் கருவியைத் தனியே வைத்துவிடுவார்கள். வித்தியாசம் குறைவாக இருந்தால் சீட்டுகளை எண்ண வேண்டிவரும். நம் வலுவான சாவடியின் கருவி அது என்றால், அன்று பட்டபாடு அத்தனையும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து முத்திரை. பச்சைத் தாள் முத்திரையின் வரிசை எண், கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குப்பதிவுக் கருவி, விவிபாட் ஆகிய மூன்றின் எண்கள், திரையில் தெரியும் தேதி, நேரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பச்சை முத்திரையில் முகவர் கையெழுத்திடலாம், கட்டாயம் இடுங்கள். நடுவில் கட்டுப்பாட்டுக் கருவியோ வாக்குப்பதிவுக் கருவியோ பழுதானால் மூன்றையும் சேர்த்து மாற்றுவார்கள். அப்போது பழையதின் எண்ணும் புதியதின் எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும், எண்ணும்போது இரண்டும் மேசைக்கு வர வேண்டும். விவிபாட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றுவார்கள்.

வேறொருவர் பெயரில் ஒருவர் வந்துவிட்டார் என்று சந்தேகம் வந்தால் எழுந்து கத்த வேண்டாம். இரண்டு ரூபாய் கட்டி முறைப்படி ஆட்சேபிக்கலாம், தலைமை அலுவலர் விசாரித்தாக வேண்டும். சில்லறை வைத்திருங்கள். உண்மையான வாக்காளர் வந்து பார்க்கையில் அவர் பெயரில் ஏற்கெனவே வாக்கு விழுந்திருந்தால், அவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அடையாளத்தை நிரூபித்தால் டெண்டர் வாக்கு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அது கருவியில் அல்ல, தாளில் போடப்படும். விவிபாட் சீட்டில் வேறு சின்னம் வந்ததாக யாராவது சொன்னால் எழுத்தில் உறுதிமொழி வாங்கிச் சோதனை வாக்குப் போடச் சொல்வார்கள். புகார் பொய்யென்றால் தண்டனை உண்டு என்பதையும் அந்த வாக்காளரிடம் சொல்லிவிடுங்கள். கைபேசியை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். யார் வாக்களித்தார், யார் வரவில்லை என்று வரிசை எண் எழுதிய துண்டுச் சீட்டை வெளியே அனுப்புவது விதிமீறல், அதைக் காட்டியே முகவரை வெளியேற்றலாம்.

மாலையில் நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்பார்கள். வால் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னே வர வேண்டும். முன்னாலிருந்து கொடுத்தால் வால் நீண்டுகொண்டே போகும். கடைசி வாக்கு முடிந்ததும் முடித்தல் பொத்தான். இதை அழுத்தாவிட்டால் எண்ணும் நாளில் முடிவுப் பொத்தான் வேலை செய்யாது.

பிறகு பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி. அந்த நாள் முழுவதும் உட்கார்ந்ததன் பயன் இந்த ஒற்றைத் தாள்தான். வாக்காளர் பதிவேடான 17ஏயில் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், அவர்களில் வாக்களிக்காமல் போனவர் எத்தனை, அனுமதிக்கப்படாதவர் எத்தனை, கருவி காட்டும் மொத்தம் எத்தனை, டெண்டர் வாக்கு எத்தனை, தாள் முத்திரைகளின் எண்கள் என்ன என்பவை எல்லாம் அதில் இருக்கும். சான்றளித்த நகலைச் சாவடியில் இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் தலைமை அலுவலர் கொடுக்க வேண்டும் என்பது தேர்தல் நடத்தை விதிகளில் விதி 49எஸ். கேட்டால் பார்க்கலாம் என்கிற சலுகை அல்ல அது. ஆனால் ஆறரை மணிக்கு, களைப்பில், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது சார்" என்று கைகுலுக்கிவிட்டு முகவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். நகல் இல்லாதவரிடம் எண்ணும் நாளில் ஒப்பிட ஒன்றும் இல்லை.

தபால் வாக்கு நம் அணிக்குத் தனி அக்கறை தர வேண்டிய இடம். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நம் சங்கங்களில் இருப்பவர்கள். ராதாபுரத்தில் 203 தபால் வாக்குகள் தலைமையாசிரியரின் சான்றொப்பம் செல்லாது என்று ஒதுக்கப்பட்டன. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வித்தியாசம் 49. இப்போது தேர்தல் பணியாளர்கள் வசதி மையத்திலேயே வாக்களிக்க வேண்டியிருப்பதால் இந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது. என்றாலும் உறுதிமொழிப் படிவம் 13ஏ வெளி உறையில்தான் இருக்க வேண்டும். அதை வாக்குச்சீட்டோடு உள் உறையில் போட்டு ஒட்டினால் அந்த வாக்கு எண்ணப்படாது. உறுதிமொழியில் எழுதும் வாக்குச்சீட்டு எண்ணும் உறை மேலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு முறை செய்து காட்டினால் போதும். 85 வயதைக் கடந்த மூத்த தோழர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்க படிவம் 12டி கொடுக்கலாம், அறிவிக்கையிலிருந்து ஐந்து நாள்தான் அவகாசம்.

வாக்கு எண்ணிக்கை முகவருக்குப் படிவம் 18. எண்ணும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாக மாலை 5 மணிக்குள் கொடுக்க வேண்டும். வழக்கமாக 14 மேசைகள், மேசைக்கு ஒருவர், தேர்தல் நடத்தும் அலுவலர் மேசைக்கும் ஒருவர். கருவி மேசைக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள்: கட்டுப்பாட்டுக் கருவி எண், பச்சை முத்திரை எண், மொத்த வாக்கு. உங்கள் 17சி நகலோடு ஒன்று மாறினாலும் முடிவுப் பொத்தானை அழுத்தும் முன் ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள். ஒரு தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் விவிபாட் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணுவார்கள், அங்கே நல்ல கண்பார்வை உள்ளவரை நிறுத்துங்கள். ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் வெற்றி வித்தியாசத்தைவிட அதிகமென்றால் அவற்றை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் மொத்தம் அறிவித்த பிறகு, இறுதி முடிவுத் தாளான படிவம் 20இல் அலுவலர் கையெழுத்திடும் முன், காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். கையெழுத்து விழுந்த பின் வெளியே முழக்கமிட்டுப் பயனில்லை.

1952இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் வென்றார். வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம் ஒட்டிய காலம் அது. வேட்பாளர் உள்ளே இருக்க, வெளியே தொண்டர்கள் வேலை பார்த்த தேர்தல். இன்று மேடையில் இரண்டு மணி நேரம் பேசக்கூடிய மூத்த தோழர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை உங்கள் சாவடியில் ஒரு நாள் முகவராக உட்காருங்கள், பக்கத்தில் 20 வயதுப் பிள்ளை ஒருவரை மாற்று முகவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவில் எல்லாருடைய முகமும் உங்களுக்குத் தெரியும், படிவங்களை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

முடிவு வந்த அன்றே 17சி நகல்களைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். தேர்தல் வழக்குத் தொடர 45 நாள் அவகாசம் இருக்கிறது. சாவடி எண் வரிசையில் அடுக்கி, ஒரு கோப்பில் கட்டி, கட்சி அலுவலகத்தில் அல்லாமல் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடி முகவர் பயிற்சியில் ஈடுபட்டுள்ள தோழர்கள்
மதுரை