இரண்டும் போடலாம், இரண்டையும் சொல்ல வேண்டும்

அன்பு மக்ளே,

கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது புள்ளி பார்த்து நிரந்தர வசிப்புரிமைக்கு (பி.ஆர்.) ஆள் எடுக்கும் முறையில், பேர் கொடுத்த பிறகு படிப்பு அனுமதிக்கும் போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடலாம். அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் 22(2) பிரிவே அதற்கு இடம் தருகிறது. பி.ஆர். ஆசை குற்றமில்லை, அது கிடைக்காமல் போனால் அனுமதிக் காலம் முடிவதற்குள் கிளம்பிவிடுவாய் என்று அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் பக்கம் சில ஏஜென்ட்மார் "பி.ஆர். பற்றி மூச்சு விடாதே" என்பார்கள். கேட்காதே. முன்பு கனடாவுக்கு விண்ணப்பித்ததுண்டா என்று படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. பி.ஆர். விண்ணப்பம் போன பிறகு 'இல்லை' என்று குறித்தால் அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் தடை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பேர் கொடுத்த வெறும் ப்ரொஃபைல் மட்டும் விண்ணப்பம் ஆகாது. என்றாலும் விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடு. இரண்டையும் ஒரே துறைதான் பார்க்கிறது. வேலை பார்த்த மாதங்கள் இதில் ஒன்று அதில் ஒன்று என்று இருந்தால் சிக்கல்.

அந்தக் கடிதம் ஒன்றரைப் பக்கம் போதும். இந்தப் படிப்பு ஏன், இப்போது ஏன், திரும்பி வந்தால் இங்கே என்ன வேலை என்று சம்பளத்தோடு எழுது. முதுகலை முடித்தவர் ஒரு வருஷ டிப்ளமோ கேட்டால் காரணம் பலமாக இருக்க வேண்டும். ஊர்ப்பிடிப்புக்குக் குலசேகரம் ரப்பர் விளையின் பட்டா, வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது வை. மூலப் பத்திரம் 1956-க்கு முந்தையது, மலையாளத்தில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடுதான், ஆனால் குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது.

பணம்: கியூபெக் தவிர்த்து, தனியாளுக்கு வாழ்க்கைச் செலவு 22,895 கனடிய டாலர் (2025 செப்டம்பர் முதல்). முதல் வருஷக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேலே. திடீரென்று கணக்கில் விழுந்த பெருந்தொகைக்கு, கடன் அனுமதிக் கடிதமோ விற்பனை ரசீதோ இல்லாவிட்டால் அதையே காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். விண்ணப்பத்துக்கு 150, கைரேகைக்கு 85 டாலர். நீ படிக்கப்போகும் மாகாணம் தரும் அத்தாட்சிக் கடிதமும் பெரும்பாலும் கேட்பார்கள். அரசு கல்வி நிறுவனத்தில் முதுகலை என்றால் 2026 ஜனவரி முதல் அந்தக் கடிதம் வேண்டாம்.

முழுநேரம் படிக்கும்போது பார்க்கும் வேலை, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கென்று இருக்கும் கனடிய அனுபவ வகுப்பில் கணக்கில் சேராது. அதை நம்பிப் புள்ளி கூட்டாதே.

வில்லங்கம் நான் எடுத்து அனுப்புகிறேன். நீ மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்னும் வேலை அனுபவக் கடிதங்களும் எடுத்து வை.

அப்பா